பொயின்டில் பறந்த தாய்மாமன்

பண்டாரவளையில் நான் கேஷியராக இருக்கும் சுப்பர் மார்க்கெட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் அடையாள அட்டை இலக்கம் ஞாபகம் இருக்காது. ஆனால் புவனேந்திரனின் போன் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். வாங்குகிற சாமானுக்கெல்லாம், சொல்லும் போன் நம்பரில் பொயின்ட் சேரும்; பில் போடும் முன் அந்தப் பொயின்ட் நம்பர் இருக்கிறதா என்று கேட்பது என் வேலை. வாடிக்கையாளர் எந்த நம்பரைச் சொன்னாலும் அடிக்கலாம் என்பது கடைச் சட்டம். பெரகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே நம்பரைத்தான் சொல்வார்கள். கடைசியில் நான் கேட்பதையே விட்டுவிட்டேன். அவர்கள் முகத்தைக் கண்டதும் விரல் தானாக அதை அடித்துவிடும்.

புவனேந்திரன் ஓட்டோ ஓட்டுகிறவர். பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. சம்பளம் போட்டதும் கொழுந்து பறிக்கும் பெண்களை டவுனுக்கு ஏற்றிக்கொண்டு வருவார். வாய் ஓயாத மனுஷன். அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போன நாளெல்லாம் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா யசோதினி, திருச்சிப் பக்கம் துறையூரில் அத்தை மகனைக் கட்டிக்கொண்டு போனவர். அந்த அக்காவின் ஒரே மகளுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியிருந்தார்கள். தாய்மாமன் மாலை போட்டு மணவறைக்கு அழைத்துப் போகாவிட்டால் அது கல்யாணத்தில் சேர்த்தியே இல்லையாம். தாய்மாமனோ ஓட்டோவை விற்றால்தான் பிளேனில் ஏற முடியும்.

அந்த நேரம் பார்த்து ஹப்புத்தளையில் அவர் ஓட்டோவில் ஏறிய ஒரு வெள்ளைக்காரர், தான் டிக்கெட்டுக்குக் காசே கொடுப்பதில்லை, எல்லாம் பொயின்ட்தான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். அவர் பாட்டுக்குப் போய்விட்டார், மாட்டிக்கொண்டது நான். எங்கள் கடைப் பொயின்டை ஒரு பிளேன் கம்பனியின் பொயின்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று, விசாரிக்க வந்த புவனேந்திரனிடம் வாயைக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அதற்குப் பிறகு கடைக்கு வரும்போதெல்லாம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று என் உயிரை வாங்கினார்.

மனுஷன் கெட்டிக்காரர். தன் நம்பரைச் சொன்னவர்களைச் சந்தியில் இறக்கிவிடாமல் லயத்து வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டார். சாமான் மூட்டையோடு மேட்டில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கதை பரவிவிட்டது. இரட்டைப் பொயின்ட் கொடுக்கும் நாளென்றால் தோட்டமே எங்கள் கடையில்தான் நிற்கும். கோயில் பூசாரி கற்பூரம் வாங்கினாலும் அந்த நம்பர், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சவரக்கத்தி வாங்கினாலும் அந்த நம்பர். இதெல்லாம் போகட்டும். நோன்புக்குப் பேரீச்சம்பழம் வாங்க வந்த என் சொந்த உம்மா ஸுபைரா, பெற்ற மகள் முன்னால் நின்றுகொண்டு, கூச்சமே இல்லாமல் புவனேந்திரனின் நம்பரைச் சொன்னார். ஒரு தாய்மாமன் போகவேண்டிய இடத்துக்குப் போகட்டுமே என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பொயின்ட் நிறைந்த அன்று புவனேந்திரன் பாஸ்போட்டும் கையுமாக வந்து என் கவுன்டரில் நின்றார். துறையூரில் வைகாசி மாதம் நாள் குறித்தாகிவிட்டது, பத்திரிகைதான் இன்னும் அடிக்கவில்லை. அவருடைய போனில் பிளேன் கம்பனியின் பக்கத்தைத் திறந்தோம். பொயின்டுக்குக் கொடுக்கும் சீட் எல்லா நாளும் கிடையாதாம். கல்யாணத்துக்கு முந்திய நாட்களில் ஒன்றுகூட இல்லை. முகூர்த்தம் முடிந்த பிறகுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. அந்த வாய் ஓயாத மனுஷன் பாஸ்போட்டைச் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்தார். எனக்கு அந்த போனைத் தூக்கி நிலத்தில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

வரிசையில் நின்ற இராக்கம்மா அவருடைய பக்கத்து லயம். யாருக்கும் பயப்படாத பெண். கல்யாண நாளை மாற்றச் சொல்லு என்றார். பெண் வீட்டுக்காரர் போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்படிக் கேட்பதா, அக்காவுக்கு அந்தத் தலைகுனிவு வேண்டாம் என்று புவனேந்திரன் மறுத்துவிட்டார். இராக்கம்மா அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, துறையூருக்கு அழைத்து, விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கொஞ்சம் பொறுங்க என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

வரிசை கதவுவரை நீண்டுவிட்டது. ஏன் பில் நகரவில்லை என்று சத்தம்போட வந்த மனேஜர் மபாஸ், கதையைக் கேட்டதும் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றி எடுத்துவந்தார். பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிற மனுஷன், சீட் இருக்கும் நாட்களை நான் வாசிக்க வாசிக்க, விரல் வைத்து ராகுகாலம் எமகண்டம் பார்த்தார். பின்னால் நின்ற பெண்கள் கரிநாள், தேய்பிறை என்று திருத்தம் சொன்னார்கள். கடைசியில் ஒரு சீட்டுக்கு மறுநாள் நல்ல வளர்பிறை முகூர்த்தமாக அகப்பட்டது. பால்பெட்டியை வைத்துவிட்டு ஒரு பெண் கைதட்டினாள்.

போன் அடித்தது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று இராக்கம்மா சத்தத்தைக் கூட்டினார்.

"தம்பி, சம்பந்திகிட்ட பேசிட்டேன்" என்றார் அக்கா. "மாமன் இல்லாம எம் புள்ளைய மணவறையில ஒக்கார வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். நீ எந்த சீட்டப் புடிக்கிறியோ புடி. அதுக்கு மறுநாதான் முகூர்த்தம்."

புவனேந்திரன் அழுதே விட்டார். போனை என் பக்கம் தள்ளி, பொத்தானை நீயே அமத்து தங்கச்சி என்றார். பிஸ்மி சொல்லி நானே அழுத்தினேன். டிக்கெட் வந்து விழுந்ததும் கடைக்குள் கிளம்பிய சத்தத்தில், தெருவில் போனவர்கள் ஏதோ விலை குறைத்துவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே ஓடிவந்தார்கள்.

கல்யாணத்தன்று காலை என் கவுன்டரில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் பார்த்தோம். மபாஸும் கூட்டத்தோடு எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். தலைப்பாகை கட்டிய புவனேந்திரன் அக்கா மகளுக்கு மாலை போட்டார். மணவறைக்குப் போகும் வழி முழுக்க அக்கா, சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல, தம்பியின் கையைப் பிடித்த பிடி விடவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் அக்கா போனுக்குள் எட்டிப் பார்த்தார். கூடையும் கையுமாக நின்ற எங்கள் வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இடையில் ஒரு கடல் கிடப்பது அந்த நேரம் அவருக்கு மறந்தே போயிருக்கவேண்டும்.

"எல்லாரும் இருந்து சாப்புட்டுத்தான் போகணும்" என்றார்.

சரி என்றோம்.