தேசிக்காய்க்கு விசா வேண்டாம்

இந்த நாட்டில் ஒரு கராஜின் நிலத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம். பகிடிக்குச் சொல்லவில்லை. ஒரு சொட்டு ஒயில் விழுந்தால் ஒருவன் துணியோடு ஓடிவருவான். எண்பதுகளின் கடைசியில் அந்த ஒருவன் நான்தான். யாழ்ப்பாணத்தில் மினிவான் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவனுக்கு லண்டன் கொடுத்த உத்தியோகம் நிலம் துடைப்பதும் கார்ச் சில்லுக் கழுவுவதும். பிளேஸ்டோவில் ரயிலேறி, கிழக்கு லண்டன் ஓரத்திலிருந்த அந்தப் பட்டறைக்குப் போவேன். அங்கே நின்றவை ரேஸ் கார்கள். போர்முலா வன்னுக்கு ஒரு படி கீழே ஓடுபவை. கூரை கிடையாது, நான்கு சில்லும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஓர் ஆள்தான் உள்ளே இருக்கலாம். வசந்தத்தில் லொறியில் ஏற்றினால் பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியம் என்று இலை உதிரும்வரை ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் நடக்கும். எல்லாரும் போவார்கள். அகதி வழக்கு முடியாத நான் கடல் தாண்ட ஏலாது. வெறும் பட்டறையைக் கூட்டிக்கொண்டு கிடப்பேன்.

அந்த வருடம் முதல் போட்டிக்காகக் காரை லொறிக்குத் தள்ளுகிற நேரம், நான்கு சில்லுக்கு முன்னாலும் ஒவ்வொரு தேசிக்காய் வைத்துவிட்டேன். தமிழ்நாட்டு வாசகர்கள் எலுமிச்சை என்பார்கள். ஊரில் எங்கள் கராஜிலிருந்து கொழும்புக்கு வெளிக்கிடுகிற எந்த வானும் தேசிக்காயை நசிக்காமல் கேற்றைத் தாண்டாது. வழியில் ஆமிச் சோதனைச்சாவடிகள். போன வான் திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது சடங்கு இல்லை, உயிர்ப்பயம். இங்கே காரை ஓட்டியவன் மீசை கூட ஒழுங்காக முளைக்காத பெடியன். அந்தப் பட்டறையிலேயே எனக்குக் காலைவணக்கம் சொன்னவன் அவன் ஒருவன்தான். அவனுக்காகத்தான் வைத்தேன்.

தலைமை மெக்கானிக் டெரெக் சில்லில் அப்பியிருந்த சாற்றைக் கண்டான். என் மதியச் சாப்பாட்டை நிலத்தில் எறிந்துவிட்டேன் என்று முதலில் நினைத்தான். ஓட்டுகிறவனின் பாதுகாப்புக்கு என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அது இன்னும் வினையாகப் போயிற்று. உன் காட்டு மந்திரத்தை உன் நாட்டில் வைத்துக்கொள், இன்னொருமுறை கண்டால் கேற்றுக்கு வெளியேதான் நிற்பாய் என்று எல்லாருக்கும் முன்னால் கத்தினான். நான் குந்தியிருந்து நான்கு சில்லையும் துடைத்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கார் அந்தப் போட்டியில் முதலாவதாக வந்தது. அடுத்ததற்குத் தேசிக்காய் இல்லாமல் போய், முதல் சுற்றிலேயே இன்னொரு காரோடு அடிபட்டு மூக்குடைந்து திரும்பியது. மூன்றாவதற்கு முதல்நாள் டெரெக் பிடரியைச் சொறிந்துகொண்டு வந்து, அந்த எலுமிச்சை இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். வென்ற நாளில் போட்ட காலுறையைத் தோய்க்காமல் அடுத்த போட்டிக்கும் போடுகிற ஆள் இவன். அது பழக்கமாம், நான் செய்தால் மந்திரமாம்! பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் என் தேசிக்காய்கள் லொறியில் ஏறின. டோவர் துறைமுகத்தில் அவற்றிடம் யாரும் விசா கேட்கவில்லை. நான் வாசலில் நின்று லொறிக்குக் கைகாட்டினேன்.

ஆனால் டெரெக் ஒரு வாக்குத் தந்திருந்தான். இங்கிலாந்தில் நடக்கிற போட்டிக்கு நீயும் வருகிறாய், அணியின் சட்டையோடு எங்களுடன் நிற்கிறாய் என்று. அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்த வருடம் முழுவதும் பல்லைக் கடித்தேன். இல்ஃபோர்டிலும் டூட்டிங்கிலும் இருந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போட்டு, ரிவியில் என்னைப் பாருங்கோ என்று சொன்னேன். என் மனைவி சாந்தி சட்டையை இரண்டுதரம் அயன் பண்ணிக் கொழுவி வைத்தாள். அதில் வென்றால் சாம்பியன்ஷிப்பே எங்களுக்கு.

லொறி புறப்படுகிற அன்று டெரெக் வந்தான். உள்ளே போகிற பாஸ் எல்லாம் விளம்பரக்காரர்களின் விருந்தாளிகளுக்குப் போய்விட்டதாம்.

“நீ வரத் தேவையில்லை. எலுமிச்சையை மட்டும் தா” என்றான்.

“நான் வராத இடத்துக்கு அதுவும் வராது” என்றேன்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. சிரித்துவிட்டு, எந்தக் கடையிலும் சில்லறைக் காசுக்கு வாங்கலாமே என்று சொல்லிப் போய்விட்டான்.

போட்டி நாளில் நான் பிளேஸ்டோ வீட்டு ரிவிக்கு முன்னால் இருந்தேன். கார் வெளிக்கிடும்போது நசிந்த தேசிக்காய் ஒன்றைக் கமரா ஒரு கணம் காட்டியது. வாங்கி வைத்தேவிட்டான், படுபாவி! இவன் கடைத் தேசிக்காய்க்கு வெற்றி வந்தால் நான் யார்? முருகனிடம் வெட்கம் விட்டுக் கேட்டேன், எங்கள் கார் தோற்கவேண்டும் என்று. பெடியனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, எஞ்சின் மட்டும் புகைக்கட்டும், நடுவழியில் நிற்கட்டும், டெரெக் எல்லாருக்கும் முன்னால் தலையில் கைவைக்கட்டும். சுற்றுக்குச் சுற்று அதையே கேட்டேன். கார் முன்னால் போய்க்கொண்டேயிருந்தது. கடைசிச் சுற்றில் இன்னொருவன் பின்னால் முட்டிக்கொண்டு வந்தான். இதோ எங்கள் பெடியன் முதலிடத்தை விடப்போகிறான் என்று எனக்குச் சந்தோசத்தில் நெஞ்சு அடித்தது.

தேத்தண்ணியோடு வந்த சாந்தி நின்று என்னைப் பார்த்தாள்.

“ஏனப்பா, தோக்கவேணும் எண்டுதானே கும்பிடுறியள்? பிறகு ஏன் காலை உப்பிடி அமத்திறியள்?”

குனிந்து பார்த்தேன். என் வலது கால் கம்பளத்தில், அக்சிலரேற்றரில் வைத்ததுபோல், குதி நோகும் அளவுக்கு அழுந்தியிருந்தது. வாய் முருகா, எஞ்சின் போகட்டும் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. கார் முதலாவதாகக் கோட்டைக் கடந்து, டெரெக் சுவரேறி நின்று துள்ளியபிறகும் அந்தக் காலை எடுக்க எனக்கு ஏலவில்லை.