கழுவிக் கொடுத்த பாட்டில்: உத்தமபாளையத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை

கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் சுருளி அருவிக்கோ தேக்கடிக்கோ போவார்கள். 2008 ஜூனில் நான் போனது ஒரு போர்வெல்லைப் பார்க்க.

என்னோடு கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த ஜமீலா, உத்தமபாளையத்தில் தன் வீட்டின் பின்கட்டில் மாணவிகள் விடுதி நடத்துகிறாள். அனுமதியைப் புதுப்பிக்க, அவள் வீட்டுப் போர்வெல் தண்ணீருக்குச் சான்று கேட்டிருந்தார்கள். வந்த அறிக்கையோ, கழிவு கலந்த தண்ணீரில் காணப்படும் கோலிபார்ம் கிருமி இருப்பதாகச் சொன்னது. திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. அதற்குள் நல்ல அறிக்கை வராவிட்டால் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது.

"நீதானடி கெமிஸ்ட்ரி படிச்சவ, வந்து பாரு" என்றாள் போனில். படித்ததெல்லாம் மறந்து வெகுகாலமாகிறது என்றேன். "மறந்தத வழியில யோசிச்சுக்கிட்டே வா."

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர், சுமார் இரண்டு மணி நேரம். தேனியில் பரிசோதனைக்கூடத்தில் கிருமி நீக்கிய பாட்டில்கள் இரண்டு வாங்கிக்கொண்டு கம்பம் பஸ் ஏறினேன். ஒன்று போதும் என்றார்கள். எனக்கு எதிலும் ஒன்றை மட்டும் நம்பிப் பழக்கமில்லை. வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். சின்னமனூர் தாண்டியதும் வாழைத் தோட்டங்களும் அவற்றின் பின்னால் மலையும் கூடவே வரும்.

மோட்டார் அறையைப் போனதும் பார்த்தேன். போர்க்குழாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை, மேலே இறுக்கிய மூடி. கழிவுநீர்த் தொட்டி வீட்டின் மறுகோடியில். முந்நூறு அடிக்குக் கீழிருந்து வருகிற தண்ணீரில் கிருமி எப்படி? எனக்குப் பரிசோதனைக்கூடத்தின் மேல் சந்தேகம், ஜமீலாவுக்கு அடுத்த வீட்டுக்காரர் புதிதாகத் தோண்டிய கழிப்பறைக் குழியின் மேல்.

மறுநாள் காலை மாதிரி எடுக்க, போரிலிருந்து நேராக வரும் குழாயைத் திறந்துவிட்டு, ஜன்னலில் வைத்த பாட்டிலுக்குக் கையை நீட்டினால் காணோம். சமையல் செய்யும் செல்லத்தாய் அடுப்படியிலிருந்து அதைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தார்.

"நல்லாக் கழுவிட்டேன்க்கா. பிடிங்க."

"அதைக் கழுவக் கூடாதும்மா. போன தடவையும் கழுவினீங்களா?"

"கழுவாமயா? ஆபீஸ்லருந்து ஆள் வந்தாக, பாட்டில் குடுத்தாக. வெளியாளுக்குத் தண்ணி குடுக்கையில கழுவாமக் குடுத்தா நாளைக்கு என்ன சொல்லுவாக?"

இந்தப் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான். டம்ளர் பளபளவென்று இருந்தாலும், உங்கள் கண் முன்னால் ஒருமுறை அலசித்தான் தண்ணீர் தருவார்கள். ஜமீலா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடி செல்லத்தாயி, பாட்டிலோட என் ஹாஸ்டலையும்ல கழுவி ஊத்தப் பாத்த!"

"மரியாதையாக் குடுத்தது குத்தமா? நல்லா இருக்கே!"

இரண்டாவது பாட்டிலில் நானே பிடித்து, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்துத் தேனிக்குப் புறப்பட்டேன். கண்டக்டர் பெட்டியை முறைத்தார்.

"உள்ள இருக்கது மீனா? வாடை வரும், பின்னாடி வைங்க."

"தண்ணிங்க."

"தண்ணிக்கு ஐஸா? பெரிய எடத்துத் தண்ணி போல!"

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் தேனிக்குப் போய் அறிக்கை வாங்கினேன்: கிருமி இல்லை. போனில் சொன்னதும் ஜமீலா அழுதேவிட்டாள். திரும்பும் பஸ்ஸில்தான் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது. போர்த் தண்ணீர் சுத்தம். பாட்டிலும் கிருமி நீக்கியது. அப்படியென்றால், போன தடவை வந்த பாட்டிலைச் செல்லத்தாய் எந்தத் தண்ணீரில் கழுவினார்?

வீட்டுக்குள் நுழைந்ததும் செல்லத்தாயிடம் கேட்டேன். "அடுப்படிக் குழாய்லதான். பிள்ளைகளும் அதுலதான குடிக்குதுக." அந்தக் குழாய்க்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது. நானும் ஜமீலாவும் ஏறிப் பார்த்தோம். காற்றில் பறந்துபோன மூடிக்குப் பதில் ஒரு தகரம், பாதி விலகிக் கிடந்தது. தண்ணீரில் புறா இறகுகள் மிதந்தன.

ஜமீலா தகரத்தை இழுத்துத் தொட்டியை மூடினாள். பிறகு, "அவுக கேட்டது போர்த் தண்ணிக்குத்தான. அது சுத்தம்னு பேப்பர் இருக்குல்ல?" என்றாள். இருக்கிறது. அதில் பொய்யும் இல்லை. வந்த நாளிலிருந்து நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன், வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் என்னைக் குழப்பியது.

கீழே வந்தோம். செல்லத்தாய் எனக்காக டம்ளரை எடுத்து, வழக்கம்போல என் முன்னால் அலசி, அந்தக் குழாயிலேயே பிடித்து நீட்டினார். நான் கை நீட்டுமுன் ஜமீலா அதை வாங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள்.

"பிள்ளைகளோட வீட்டுக்கெல்லாம் போன் போடணும். மாடித் தொட்டியக் கழுவி, இந்தக் குழாய்த் தண்ணியவும் டெஸ்ட் பண்ணி, அப்புறம் வரட்டும்."

"அதுவரைக்கும் வேற ஹாஸ்டல் பாத்துப் போயிருவாகளேம்மா?" என்றார் செல்லத்தாய்.

"போனா போகட்டும்."

சொந்தப் போர் வைத்து விடுதியோ தங்கும் இடமோ நடத்துகிறவர்களுக்கு: போரில் ஒரு மாதிரி, மனிதர்கள் குடிக்கும் குழாயில் ஒரு மாதிரி, இரண்டும் எடுங்கள். பாட்டிலைக் கழுவாதீர்கள்; வீட்டில் இருப்பவர்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். ஊர் சுற்ற வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. டம்ளரை அலசித் தந்தால், அலசிய தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம்; கேட்டால் மனம் நோகும் என்பதும் உண்மை.

முறைப்படி எடுத்த மாதிரி தந்த சான்று ஜமீலாவுக்கு அனுமதி வாங்கித் தந்தது. முறை தவறி, கழுவிய பாட்டிலில் எடுத்த மாதிரியில்தான் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரும் கலந்திருந்தது. இதில் எதைச் சரியான பரிசோதனை என்று சொல்வது? மதுரை வரும்வரை யோசித்தேன். இன்னும் விளங்கவில்லை.