மருந்து அறைக்குள் தீப்பந்தம்

“…தெரியாம வைக்கல மருமகளே, தெரிஞ்சுதான் வச்சேன். ஒரே ஒரு எடத்துலயாவது அது வெடிக்காம இருக்கட்டுமேன்னுதான்,” என்றார் மாமா.

கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்த நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. அந்த வயதில் நியாயம் பேசுகிறவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

மாமா அம்மாவின் தம்பி. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் பட்டாசு லேபிள் வரைகிற வேலை. மயிலும் கிளியும் குழந்தை முகமும் வரைந்தது போக, மிச்ச நேரத்தில் இரண்டு வருஷமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தார். பாளையக்காரர் காலத்துக் கதை. கோட்டையை எதிரிப் படை வளைத்திருக்கிறது. தூதுவன் ஒருவன் ஓலையோடு வெளியேற வேண்டும். ஓடுவது, சுடுவது எதுவும் கிடையாது. படத்தில் வேண்டிய பொருளின் மேல் மவுஸை வைத்து அமுக்கினால், தூதுவன் நடந்துபோய் அதை எடுப்பான். ஆள் இருந்தால் பேசுவான். அவ்வளவுதான். அந்தக் காலத்துக் கேம்களைப் போல வேண்டுமென்றே படங்களைப் புள்ளி புள்ளியாகப் போட்டிருந்தார். உட்கார்ந்து எண்ணினால் எண்ணிவிடலாம், அவ்வளவு பெரிய புள்ளிகள்.

இப்படிப்பட்ட கேம்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற ஆட்கள் சென்னையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் அங்கேயே வேலை. திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும். அதற்குள் யாராவது முழுசாக விளையாடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிரஸ்ஸில் கேட்டால் சிரிப்பார்கள். அம்மாவுக்கு மவுஸ் பிடிக்க வராது. “நிறையை ஊரு சொல்லும், குறையை வீடுதான் சொல்லணும்” என்று என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அது. காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நிறை இல்லாமல் இல்லை. கோட்டைக் காவல்காரனின் மீசையைப் பார்த்துப் பயந்து பயந்து பக்கத்தில் போனால், “வாங்க, சாப்பிட்டீகளா?” என்பான். எத்தனை தடவை போனாலும் கேட்பான். ஐந்தாவது தடவை, “எம்புட்டுத் தடவைதான் கேக்குறது” என்று சலித்துக்கொள்வான். விழுந்து விழுந்து சிரித்தேன். கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீரில் தூதுவனின் முகம் ஆடும். இதில் ஒன்றைக்கூட நான் நோட்டில் எழுதவில்லை. பாராட்டினால் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடுவார் என்று எனக்கு ஒரு கணக்கு. குறை எழுதத்தான் கை ஓடியது. தூதுவன் நடக்கிற நடைக்கு ஆமை தேவலை. சாவியை ஒற்றைப் புள்ளியாக வைத்திருந்தார். கண்ணில் பட அரை மணி நேரம். முதல் இடத்தில் கயிற்றை எடுக்க மறந்தால் கடைசியிலிருந்து அத்தனை தூரமும் திரும்பி நடக்க வேண்டும். எல்லாம் நியாயமான குறைகள்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நான் மாட்டிக்கொண்டது கோட்டையின் மருந்து அறையில். வெடிமருந்தை எங்கள் பக்கம் வெறுமனே மருந்து என்றுதான் சொல்வோம். அம்மா விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து ரூமில் வேலை பார்த்தாள். உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்றி, வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் அதில் இறங்கிவிடும். “மருந்துக்கு மாமன் மச்சான் தெரியாது” என்பது அம்மாவின் பேச்சு. எங்கள் தெருப் பிள்ளைகள் கம்பெனி விளையாட்டு விளையாடினால்கூடக் கதவைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம்.

ஆகவே தூதுவனின் செருப்பைக் கழற்றப் பார்த்தேன். கழலவில்லை. வாசலில் தகடு தேடினேன். இல்லை. சுவரில் எரிந்துகொண்டிருந்த தீப்பந்தத்தை மட்டும் நான் தொடவே இல்லை. இருட்டில் உள்ளே போனால், “ஒன்றும் தெரியவில்லை” என்று எழுத்து வந்தது. ஒரு மணி நேரம் போவதும் வருவதுமாக இருந்தேன்.

“பந்தத்த எடு புள்ள,” என்றார் பின்னால் வந்து நின்ற மாமா.

“மாட்டேன்.”

அவரே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெடிக்கவில்லை. மருந்து மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ராஜா காலத்து உடுப்பு இல்லை. பூப்போட்ட காட்டன் சேலை. “வந்துட்டியாலே? இம்புட்டு நேரமா?” என்றாள். தூதுவன் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான்.

சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா, திரையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

“இது தப்பு மாமா,” என்றேன். “தீயோட போனா அந்தப் பொம்பள செத்துருக்கணும். சென்னைக்காரவுக சிரிப்பாக. இங்கனயே இருக்கீக, இதுகூடவா தெரியாது?”

அதற்குத்தான் அவர், தெரிந்தே வைத்ததாகச் சொன்னது.

“அப்ப பொய்தானே?” என்றேன்.

“ஏட்டி, வாய மூடு,” என்றாள் அம்மா.

“விடுக்கா. அவ சொல்றது சரிதான். பொய்தான்,” என்றார் மாமா.

எனக்கு ஒரு பெரியம்மா இருந்ததும், மாமாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான் என்பதும், அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது மருந்து ரூமுக்குள் போனவள் திரும்பி வரவில்லை என்பதும் எனக்குக் கல்யாணம் பேசுகிற சமயத்தில்தான் தெரியவந்தது. வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. சென்னைக்காரர்கள் அந்தக் கேமை எடுத்துக்கொள்ளவில்லை. மாமா இன்றும் லேபிள்தான் வரைகிறார். என்னிடம் ஒரு வார்த்தை வருத்தமாகச் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

அன்று மத்தியானமே மாமா கேமின் மருந்து அறைப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணை மவுஸால் வளைத்துப் பிடித்து ஒரே அமுக்கில் அழிக்க வழி உண்டு. எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். மறந்துவிட்டார் போல என்று நினைத்து, “ஒரே அமுக்குல போயிருமே மாமா,” என்று எடுத்துக்கொடுத்தேன். “ம்,” என்றார். சேலைக் கரையில் தொடங்கி, ஒவ்வொரு புள்ளியாக அழித்துக்கொண்டே மேலே போனார். முகத்துக்கு வந்தபோது, சோற்றை மறந்து பின்னாலேயே நின்ற அம்மா, “மூக்குத்தி அவளுக்கு வலது பக்கம்டா,” என்றாள்.

மாமா அந்த ஒற்றைப் புள்ளியை எடுத்து வலது பக்கம் வைத்தார். அழிக்கப்போகிற முகத்துக்கு எதற்குத் திருத்தம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதையும் அழித்தார்.