அரிக்கு அடியில் கிடந்த உளுந்து

போன தை மாதம் ஒரு திங்கட்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு நான் வயலிலேயே கிடந்தேன். என்ன வேலை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். மோட்டார் பார்க்கப் போனேன் என்று சொன்னேன். அது பொய். தப்புச் செய்துவிட்டு அதைப் பிள்ளைகளிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன் எழுத்து, முன்னே பின்னே இருக்கும்.

குடவாசலுக்குப் பக்கத்தில் நாங்கள் சேர்ந்து பார்க்கிற வயல் உங்களுக்குத் தெரியும். மொத்தம் ஒரு ஏக்கர், நம் ஊர்க் கணக்கில் மூன்று மா. நிலத்துக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். சும்மா கிடப்பதற்கு யாருக்காவது சோறாகட்டும் என்று கொடுத்திருக்கிறார். இரண்டு மாவில் சம்பா நெல், மேடாக இருக்கிற ஒரு மாவில் காய்கறி. கூலி ஆள் கிடையாது. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார், ஆஸ்பத்திரி சிஸ்டர், பள்ளிக்கூட டீச்சர், மளிகைக் கடைக்காரர், பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற நான், இன்னும் சில பேர். அவரவர் பிழைப்பு போக மிச்ச நேரத்தில் செய்கிற விவசாயம் அது. விளைவதெல்லாம் ஒரு பெண்கள் காப்பகத்துக்குப் போகிறது. மனசு சரியில்லாமல் வீட்டை விட்டு வந்து, ரோட்டில் கிடந்து, பிறகு வைத்தியம் பார்த்துத் தேறியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மார்கழியில் எங்களுக்குக் காய் பறிக்கிற வேலை அதிகம். அவரைப் பந்தலுக்குக் கீழே போய் நின்றால் மழை மாதிரி பனி சொட்டும். டீச்சர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டுதான் பறிப்பார். முள்ளங்கி பிடுங்கினால் விரல் விறைத்துப்போய் சட்டைப் பொத்தான் போட வராது. அப்படி ஒரு காலையில் காப்பகத்தில் சமைக்கிற அக்கா காய் எடுத்துப் போக வந்தார். மூட்டையை வேனில் ஏற்றும்போது பேச்சுவாக்கில் சொன்னார்.

"அரிசிக்குக் குறையே இல்ல தம்பி. இந்த ஊருல தர்மம்னா எல்லாரும் அரிசிதான் தூக்கிட்டு வர்றாங்க. பொறந்த நாளுன்னாலும் அரிசி, திவசம்னாலும் அரிசி. உளுந்து ஒருத்தரும் தர மாட்டேங்கிறாங்க."

"உளுந்து எதுக்குக்கா, இட்லிக்கா?"

"இட்லிக்கெல்லாம் ஆசைப்பட முடியுமா? கஞ்சிக்கு. எல்லாம் மாத்திரை போடுற வயிறு. வெறும் அரிசிக் கஞ்சியக் குடிச்சிட்டு மாத்திரை போட்டா, பத்து மணிக்கெல்லாம் தலை சுத்துதுன்னு படுத்துக்கிறாங்க. உளுத்தங்கஞ்சி குடுத்தா மத்தியானம் வரைக்கும் தாங்கும். கடையில வாங்கிக் கட்டுப்படியாகல."

"இந்த வருஷம் நாங்க தர்றோம்கா. வருஷம் முழுக்க வர்ற மாதிரி."

நான்தான் சொன்னேன். மற்ற யாரையும் கேட்கவில்லை.

நம் பக்கத்தில் உளுந்துக்கு என்று தனியாக உழுவதில்லை. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, தண்ணீரை வடித்துவிட்டு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசிவிடுவோம். நெல்லை அறுக்கும்போது அடியில் அது இரண்டு இலை விட்டிருக்கும். பிறகு தண்ணீரே பாய்ச்ச வேண்டாம். மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரமும் மேலே இறங்குகிற பனியும் போதும்.

பொங்கல் கழிந்ததும் விதைத்தோம். சிஸ்டர் மாத்திரை கொடுக்கிற மாதிரி இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டு போனார். பாங்க் சார் கை நிறைய அள்ளி ஒரே இடத்தில் போட்டார்.

"சார், அது உண்டியல் இல்ல. வீசுங்க" என்றார் மளிகைக் கடைக்காரர்.

உளுந்து நன்றாக முளைத்தது. அப்போதுதான் அறுப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. சார், மெஷின் வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"மண்ணு இன்னும் ஈரமா இருக்கு சார். பெல்ட் மெஷின் இறங்கித் திரும்பினா உளுந்து சேத்தோட போயிரும். கையாலயே அறுத்துருவோம்."

"யாரு அறுக்கிறது? நான் அரிவாளப் பிடிச்சா என் விரலத்தான் அறுப்பேன்."

"நான் சொல்லித் தர்றேன் சார். எங்க அம்மா இந்த ஊரு வயலெல்லாம் அறுத்த கை."

"அது உங்கம்மா கை. உங்க கை என்ன கைன்னு இனிமேதான் பாக்கணும்."

கடைசியில் என் பேச்சுதான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் லீவு. வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அன்றைக்கு அறுத்த மாதிரி ஒரு அறுப்பை நான் பார்த்ததில்லை. டீச்சர் ஒவ்வொரு பிடியையும் பூங்கொத்து மாதிரி நறுக்கிப் பார்த்துப் பார்த்து வைத்தார். சார் அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் இரண்டு மாவும் அறுத்தாயிற்று. அறுத்த நெல்லைப் பிடி பிடியாகத் தரையில் போடுவதற்கு அரி என்று பேர். வயல் முழுக்க அரி கிடந்தது.

"இதத் தூக்க வேணாமா?" என்று மளிகைக் கடைக்காரர் கேட்டார்.

"ஒரு நாள் காயணும். எங்கம்மா காலத்துல அப்படித்தான். நாளைக்குக் காலையில வந்து கட்டிருவோம்" என்றேன்.

எல்லாரும் சந்தோஷமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அம்மா காலத்தில் அரியைக் காயப் போட்டது உண்மைதான். ஆனால் நான் பார்த்தது அடியில் உளுந்து விதைக்காத வயல். அந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, சொன்ன சொல்லுக்கு நான்கைந்து பேர் வந்தார்கள். சிஸ்டர் ராத்திரி டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார். அரியைத் தூக்கினால் தண்ணீர் சொட்டியது. பனி அப்படி இறங்கியிருந்தது. ஈரத்தோடு கட்டிக் குவித்தால் நெல் புழுங்கி முளைத்துவிடும். பனி காய்வதற்கு ஒன்பதரை, பத்து ஆகும். எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும். சிஸ்டர் நின்றபடியே தூங்கினார். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சாருக்கு நேரம் இருந்தது, இடுப்பு இல்லை. வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

நான் சும்மா ஒரு அரியைப் புரட்டிப் பார்த்தேன். நேற்று நிமிர்ந்து நின்ற உளுந்துச் செடி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. இலை வெளுக்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு அரியைப் புரட்டினேன். அங்கேயும் அப்படியே. இன்னும் ஒரு ராத்திரி பனி இறங்கினால் அழுகிவிடும். எல்லாரும் சேர்ந்து வர அடுத்த ஞாயிறு ஆகும்.

கூலிக்கு ஆள் கேட்டுப் போன் செய்தேன். தை மாதம் யார் சும்மா இருக்கிறார்கள்? அதற்குப் பிறகு சமையல்கார அக்காவைக் கூப்பிட்டேன். அவர் என் பேச்சை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"அக்கா, உளுந்து தர்றேன்னேன்ல, அதை நம்பியிருக்காதீங்க."

"என்ன தம்பி, காலங்காத்தால இப்படிச் சொல்றீங்க?"

நடந்ததைச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எத்தனை ஆளு வேணும்?" என்றார்.

"பத்து பேராவது வேணும்."

"இங்க உள்ளவங்கள்ல பாதிப் பேரு வயல்ல வேலை செஞ்சவங்கதான். பொறுப்பாளர் அம்மாகிட்ட கேட்டுட்டு, வர்றேன்னு சொல்றவங்கள மட்டும் கூட்டிட்டு வர்றேன்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அவங்களுக்குக் குடுக்கத்தானேக்கா நாங்க இதைச் செய்யுறோம். அவங்களையே வேலை வாங்கினா நல்லாவா இருக்கும்?"

"நல்லாருக்கா இல்லையான்னு அவங்களக் கேளுங்க. என்னைய ஏன் கேக்குறீங்க?" என்று போனை வைத்துவிட்டார்.

ஒன்பது மணிக்குள் வேன் வந்துவிட்டது. அக்காவோடு எட்டுப் பேர் இறங்கினார்கள். அதில் ஒருவருக்கு என் வயசுதான் இருக்கும். அவருக்கு முடியைக் குட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வயலை ஒரு பார்வை பார்த்தார்.

"யாரு இத அறுத்தது?"

சார் என்னைக் கை காட்டிவிட்டார்.

"அரி போட்டிருக்கிற லட்சணத்தப் பாரு. ஒண்ணு கிழக்க தலை, ஒண்ணு மேற்க தலை. சண்டை போட்டுட்டுப் படுத்த புருஷன் பொண்டாட்டி மாதிரி."

வேனுக்குள் இருந்த டிரைவர் வரைக்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

"உளுந்து போட்ட வயல்ல அரிய ராத் தங்க விட்டிருக்கீங்களே, நீங்க எந்த ஊரு?" என்று அந்தக் குட்டை முடி அக்கா கேட்டார்.

"இந்த ஊருதான்கா."

"வெளிய சொல்லாதீங்க."

பனி காய வேண்டுமே, அதுவரை எப்படிக் கட்டுவது என்றேன்.

"கட்டுறதுக்குத்தான் காயணும். தூக்குறதுக்கு எதுக்குக் காயணும்? தூக்கிட்டுப் போயி வரப்புலயும் மேட்டுலயும் பரப்பு. அது அங்க காயட்டும். உளுந்துக்கு வெயில விடு."

அவ்வளவுதான். காலையில் வந்திருந்த நான்கைந்து பேரை வைத்தே ஆறு மணிக்கு இதை ஆரம்பித்திருக்கலாம். கட்டுவது, கட்டுவது என்றே என் புத்தி நின்றுவிட்டது.

வேலை தொடங்கியது. அறுத்தபின் மண்ணில் நிற்கிற நெல் அடித்தாள் மேல்தான் கால் வைக்க வேண்டும், நடு மண்ணில் மிதிக்கக் கூடாது என்று அந்த அக்கா சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். அவர்களுக்குத் தன்னால் கால் அப்படி விழுந்தது. எனக்குத்தான் விழவில்லை. "ஏய், யானை வருது பாரு" என்று ஒரு பெண் என்னைக் காட்டிச் சொன்னார். என் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "எடுத்துப் பேசுங்க மோட்டார்கார அண்ணே, பாவம் யாரு வீட்டுலயோ தண்ணி வரல" என்றார் இன்னொருவர். எடுத்தேன். அவர் சொன்னது சரிதான்.

எட்டுப் பேரில் ஒருவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு நேரத்தில் அரியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டார். நான் பக்கத்தில் போகப் பார்த்தேன். சமையல்கார அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் பொறுத்து அவரே நடக்க ஆரம்பித்தார். மத்தியானம் அக்கா கொண்டுவந்த தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டு எல்லாரும் மாத்திரை போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் அவரைக்காய்ப் பந்தல் நிழலில் படுத்துவிட்டார்கள். அவர்களை யாரும் எழுப்பவில்லை. மூன்று மணிக்கு வயலில் ஒரு அரி கூட இல்லை.

தூங்கி எழுந்து சிஸ்டர் வந்தார். கடையை வீட்டில் பார்க்கச் சொல்லிவிட்டு மளிகைக் கடைக்காரரும் வந்தார். காய்ந்த நெல்லைக் கட்டுக் கட்டி டிராக்டரில் ஏற்றினோம். கட்டுகிற வேலையிலும் நாங்கள் எல்லாரும் திட்டு வாங்கினோம்.

உளுந்து முழுசாகப் பிழைக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, அரி கனமாகக் கிடந்த இடமெல்லாம் மண் வெறுமையாகத் தெரிந்தது. மற்ற இடத்தில் செடி தலை தூக்கிவிட்டது. பங்குனியில் பிடுங்கி, அடித்து, புடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நான் சொன்ன அளவில் பாதிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்.

மறுநாள் காலையில் கஞ்சி வைத்திருக்கிறேன், வாங்க என்று சமையல்கார அக்கா கூப்பிட்டார். தேங்காய்ப் பூவும் வெல்லமும் போட்ட உளுத்தங்கஞ்சி. எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. உங்களுக்கே பத்தாது, எனக்கு வேண்டாம் என்றேன். குட்டை முடி அக்கா டம்ளரை என் கையிலேயே வைத்தார்.

"நாங்க தூக்குன உளுந்து. நாங்க குடுக்கிறோம். குடிங்க."

குடித்தேன். வெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

வருஷம் முழுக்கத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆவணி பிறந்தபோது உளுந்து தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்களுக்கு மறுபடியும் வெறும் அரிசிக் கஞ்சிதான். இதை எழுதுகிற இன்றைக்கும் அதுதான். நெல் இப்போது பழுத்து வருகிறது. முந்தாநாள் சமையல்கார அக்கா போனில் கேட்டார்.

"தம்பி, இந்தத் தடவை என்னைக்கு அறுப்பு? நம்ம ஆளுங்க பத்துப் பன்னெண்டு பேரு வர்றோம்ங்கிறாங்க. ஞாயித்துக்கிழமைன்னா மட்டும் வர மாட்டாங்களாம்."

"ஏன்கா?"

"பொழுது சாஞ்சதும் நீங்கள்லாம் அப்படியே போட்டுட்டு ஓடிருவீங்களாம்."

செவ்வாய்க்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. காலையில் அறுக்க அறுக்க, பின்னாலேயே தூக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் போட்ட கட்டளை. டீச்சரும் சிஸ்டரும் அன்றைக்கு லீவு கேட்டிருக்கிறார்கள். இன்னும் கிடைக்கவில்லை.