அணைக்க மறந்த மைக்

திரையரங்கின் டிக்கெட் அறைக்குள் ஒருவர் உட்காரலாம். இன்னொருவர் வந்தால் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். கணவர் இறந்த பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவள், தலை நரைத்த பின்னும் அதிலேயே இருந்தாள். எல்லோருக்கும் அவள் டிக்கெட் அக்கா. கண்ணாடியின் ஓட்டை வழியாக நீளும் விரல்கள்தாம் பலருக்கு அவளுடைய அடையாளம்.

மேசைமீது ஒரு மைக் உண்டு. வண்டிகளை ஓரமாக நிறுத்தச் சொல்வதற்கு அவள் அதில் பேசினால், வளாகத்து ஒலிபெருக்கிகள் எல்லாம் அலறும். மைக்கின் சிவப்பு விளக்கு எப்போதோ உயிரை விட்டிருந்தது. அதனால் பேசி முடித்ததும் பொத்தானைத் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று, அறிவிப்பு முடிந்த அதே நொடியில், திரையரங்கில் தின்பண்டக்கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பி தேநீரோடு வந்துவிட்டான். அவள் தடவிப் பார்க்கவில்லை.

வெளியே முதல் காட்சிக்காக ரசிகர் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் அண்ணன் அண்ணன்னு தொண்டை கிழியக் கத்துறானுங்க. உன் கணக்குல அவர் நடிச்சதுல எது அக்கா முதல்?" என்றான் தம்பி.

"அந்த ஊமைக் காவல்காரன் வேஷம்தான். வாயே திறக்கல, அதான் தப்பிச்சார்."

"ரெண்டாவது?"

"மகளைத் தொலைச்ச டாக்சிக்காரர். அழறப்போ மூக்கு ஒழுகிச்சு பாரு, அது நடிப்பு."

"கடைசி?"

"இன்னைக்குப் படம்தான். நேத்து முதலாளிக்குப் போட்டுக் காட்டினப்போ நானும் பார்த்தேனே. காலேஜ் மாணவராம். தாத்தா பேரனோட பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பின மாதிரி இருக்கு."

தம்பி சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. மறுகணம், வெளியே விசில் சத்தம் அடங்கியது.

"என்னடா, திடீர்னு இவ்வளவு அமைதி?"

அவள் கேட்டதை வளாகத்து ஒலிபெருக்கிகள் அனைத்தும் திரும்பக் கேட்டன. அதுவரை கூச்சலில் அமுங்கிக் கிடந்த தன் குரல் இப்போதுதான் அவளுக்கே கேட்டது. சென்ற ஆண்டு, பக்கத்துத் திரையரங்கில் பாட்டை நடுவில் நிறுத்திய ஆபரேட்டரின் கையை இதே கூட்டம்தான் ஒடித்தது. மைக்கை அணைத்தாள்.

"ஓடு. முதலாளியைக் கூப்பிடு."

தம்பி பின்கதவு வழியாக ஓடினான். அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். அதற்குள் கண்ணாடியில் அடிகள் விழத் தொடங்கின. "யாருடி தாத்தா? வெளிய வா!" ஓட்டைக்குள் ஒரு கை நுழைந்து காற்றைப் பிராண்டியது. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

திடீரென்று கூட்டம் வழிவிட்டது. 'இரும்பு' என்று பெயரெடுத்த ரசிகர் மன்றத் தலைவன் வந்து, ஓட்டையருகே குனிந்தான்.

"மைக்கை அணைச்சிட்டீங்களா?"

"அணைச்சிட்டேன் தம்பி. மன்னிச்சிடுங்க. எனக்கு வாய் நீளம்."

"வயரையும் பிடுங்குங்க."

பிடுங்கினாள். என்ன செய்யப் போகிறானோ என்று அவன் கைகளையே பார்த்தாள்.

"எனக்கும் ஊமை வேஷம்தான் முதல்," என்றான் அவன் கிசுகிசுப்பாக. "இந்தப் படத்து டிரெய்லரைப் பார்த்ததுலேருந்து சோறு எறங்கல. இவனுங்களுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவானுங்க." பிறகு நிமிர்ந்து, "அக்கா மன்னிப்புக் கேட்டுட்டாங்க. கலைஞ்சு போங்கடா," என்று உறுமினான்.

"மைக்ல கேக்கச் சொல்லுங்க தலைவரே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இல்ல, நீங்களும் அவங்க கட்சியா?"

இரும்பின் நெற்றியில் வேர்வை அரும்பியதை அவள் கண்ணாடி வழியே கண்டாள். அவளைப் பார்த்த அவன் கண்களில் இருந்தது கெஞ்சல். அவள் வயரைச் செருகி, பொத்தானை அழுத்தினாள்.

"தப்பாப் பேசிட்டேன். அண்ணன் நடிச்சதுலேயே இந்தப் படம்தான் முதல். உங்க மன்றத் தலைவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிஞ்சுது."

விசில் காதைப் பிளந்தது. தாழ்ப்பாளைத் திறக்காமலே அவள் டிக்கெட் கிழிக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றும் கோணலாகக் கிழிந்தது. முதல் டிக்கெட்டை வாங்கிய இரும்பை நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு, கோஷமிட்டபடி உள்ளே போனார்கள். பல் பிடுங்கப் போகிறவனைப் போல அவன் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான்.