தண்ணி வருதுங்களா?

நாமகிரிப்பேட்டைச் சடையப்பன் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதித்தவர். பூமிக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டால் கையெடுத்துக் கும்பிடுவார். அந்த மனுஷன்தான் இப்போது தண்ணீர் என்றாலே நடுங்குகிறார். வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் மேல்தளம் ஐப்பசி மழைக்கு ஒழுகிச் சுவரெல்லாம் ஊறிவிட, குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். அந்த வாடகையில்தான் அவருக்கு மளிகையும் மாத்திரையும்.

நேற்று வீடு பார்க்க மலர்விழி என்ற நர்ஸ் வந்தார். புது பெயிண்ட் அடித்தும் ஒரு மூலையில் ஈரம் மறுபடி பூத்திருந்தது. சடையப்பன் அதை முதுகால் மறைத்துக்கொண்டு கூடத்திலேயே நின்றார். சட்டை ஜில்லென்று ஒட்டியது.

சமையலறையில் மலர்விழி குழாயைத் திருகினார். மோட்டார் போட யாருக்கு ஞாபகம் இருந்தது? குழாய் வெறும் காற்றை விட்டது.

"ஏனுங்க, தண்ணி வருதுங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

போச்சு, ஈரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்! சடையப்பன் சுவரோடு இன்னும் ஒட்டி நின்றுகொண்டார்.

"முன்னெல்லாம் வந்துச்சுங்க. இப்ப எல்லாத்தையும் அடைச்சுட்டேன். இனி இந்த ஊட்டுல ஒரு சொட்டுத் தண்ணி வராதுங்க, நான் கேரண்டி!"

மலர்விழி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"அப்புறம் எப்படிங்க இங்க குடியிருக்கறது? வாரேனுங்க."