மூன்றாவது மதிப்பீட்டாளர்

என் அம்மா ஓர் ஆய்வுக் கட்டுரையைத் திருத்தியதை நான் பார்த்திருக்கிறேன். பேரணாம்பட்டுப் பக்கம் எங்கள் ஊர் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் பெண்கள் அங்கே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி அக்கா ஆங்கிலத்தில் எழுதியிருந்த கட்டுரையை, அக்காவே பேச்சுத் தமிழில் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் முன்னால் குனிந்தே இருப்பதால் கழுத்து வலி, கண் எரிச்சல் என்று சொல்லி நிறுத்தியதும் பின்னாலிருந்து அம்மா எழுந்தாள்.

“கழுத்து வலி தைலம் தேச்சா போய்டும் டீச்சர். நாங்க தண்ணி குடிக்கிறதில்ல, அத நீங்க எழுதல. குடிச்சா பாத்ரூம் போவணும். போனா டார்கெட் கம்மியாவும். ‘இன்னா, வீட்டுக்கே போய்ட்டு வந்தியா?’ன்னு சூப்பர்வைசர் லைன்ல எல்லார் எதிர்லயும் கேப்பான். அதுக்கு பயந்து சாயந்தரம் வரைக்கும் அடக்கி வெச்சிக்கினு இருப்போம். அதான் நோவு.”

“நீ போனா சோறு ஆக்கி வெச்சிட்டில்ல வருவ க்கா, அதான் கேக்கறான்” என்றாள் பக்கத்திலிருந்தவள். கொட்டகையே சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒவ்வொருத்தியாகத் தலையாட்டினார்கள். அப்போதுதான் அது அத்தனை பேருக்கும் உள்ள நோவு என்று எனக்குப் புரிந்தது. அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறவன் நான். எனக்கே அது தெரியாது.

அக்கா என்று நான் சொல்வது உடன்பிறந்தவரை அல்ல. வேலூரில் ஒரு கல்லூரியில் என்னோடு கௌரவ விரிவுரையாளராக இருந்தவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் என்று பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து எங்களைப் போலவே நிரந்தர வேலை இல்லாத சிலரைச் சேர்த்து, இணையத்தில் ஓர் ஆய்விதழ் ஆரம்பித்தார். எழுதுகிறவரிடமும் காசு கேட்பதில்லை, படிக்கிறவரிடமும் கேட்பதில்லை. எந்தக் கம்பெனிக்கும் அது சொந்தமில்லை. கட்டுரையைப் பார்க்கிறவர், பிழை திருத்துகிறவர், பக்கம் அமைக்கிற நான், எல்லோருமே சம்பளம் இல்லாத ஆட்கள். கட்டுரையை முதலில் இரண்டு அறிஞர்கள் படிப்பார்கள். பிறகு அது யாரைப் பற்றியதோ அவர்கள் நடுவே போய் வாசிக்க வேண்டும். அவர்கள் சொல்லும் மறுப்பையும் கட்டுரையோடு வெளியிடுவோம். “இவங்கதான் நம்ம மூணாவது ரிவ்யூவர். மத்த ரெண்டு பேரையாவது சமாளிச்சிடலாம்” என்பார் அக்கா. அம்மா சொன்னதற்குப் பிறகு, அந்தக் கட்டுரையைப் பாதிக்கு மேல் புதிதாக எழுதினார். அம்மாவின் வார்த்தைகள் அப்படியே தமிழில் உள்ளே இருந்தன. அவர் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அதுதான்.

வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லுபடியாகிற இதழ்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் சேர்க்கச் சொல்லி நாங்கள் விண்ணப்பித்தோம். மதிப்பீட்டாளர்களின் கல்வித் தகுதியைக் கேட்டிருந்த இடத்தில், கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று, மூன்றாவதாக ‘ஷூ கம்பெனியில் தைக்கும் பெண்கள்’ என்றும் எழுதிவிட்டோம். இரண்டு பேராசிரியர்களின் பெயரோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். மதிப்பீட்டு முறை ஏற்கத்தக்கதல்ல என்று பதில் வந்தது. அதன் பிறகு எங்களுக்குக் கட்டுரை வருவது கம்மியாகி, மெல்ல நின்றும்போனது. யாரையும் குறை சொல்ல முடியாது. செல்லாத இடத்தில் எழுதி வைத்துவிட்டு யார் வயிறு கழுவுவது?

அந்தச் சமயத்தில் நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வந்தது. அக்காவின் கணவருக்கு உடம்பு சரியில்லாத காலம். பட்டியலில் உள்ள, ஒரு பெரிய கம்பெனி நடத்தும் இதழ் ஒன்று அந்தக் கட்டுரையை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் வேறெங்கும் அது இருக்கக் கூடாது; எங்கள் இதழிலிருந்து நீக்க வேண்டும்; உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அக்கா யாரையும் கேட்காமலே நீக்கியிருக்கலாம். மறுபடியும் எங்கள் ஊருக்கு வந்தார். அதே கொட்டகையில், அதே பெண்கள் முன்னால் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“வேல கெடைக்குமா டீச்சர்?” என்று அம்மா கேட்டாள்.

“கெடைக்கலாம் மா.”

“அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? எடுத்துக்குனு போ. நாங்க எங்க போய்டப் போறோம், லைன்லதான் இருப்போம்.”

அன்று சாயங்காலம் எங்கள் தளத்திலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்தது நான்தான்.

பெரிய இதழில் கட்டுரை வந்தது. வேலை வரவில்லை, இடங்களை நிரப்பாமலே அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அக்கா இப்போது வாலாஜாபேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறார். போன் பேசினால் என் வேலையைப் பற்றிக் கேட்பார். இதழைப் பற்றிக் கேட்பதில்லை, நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எங்கள் தளம் இன்னும் திறக்கும். புதிதாக எதுவும் இல்லை.

போன வாரம் அம்மா தன் லைனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பன்னிரண்டாவது முடித்த பெண். வந்ததிலிருந்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். “எனக்கு மட்டும்தான் இப்டியாம், நான் சோம்பேறியாம். சூப்பர்வைசர் சொல்றாரு” என்றாள்.

“தம்பி, அந்த டீச்சர் பேப்பர எடு” என்றாள் அம்மா. “நான் சொன்னது அதுல இருக்குது. இவ இங்கிலீஷ் படிப்பா. கொண்டுபோய்க் காட்டட்டும்.”

செல்போனில் எடுத்தேன். தலைப்பும் அக்காவின் பெயரும் வந்தன. கீழே பூட்டுப் படம். பணம் கட்டினால்தான் மீதி.

“இன்னாடா இது? கம்பெனி கேட் மாதிரி நிறுத்துது?” அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். “எவ்ளோ கேக்கறான்? நான் தர்றேன், தொற.”

“அதெல்லாம் ஜாஸ்தி மா” என்று சொல்லி போனை அணைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவல்ல. சந்தா கட்டியிருந்த கல்லூரி ஒன்றின் இணைப்பு வழியாக நான் அதை முன்பே முழுதாகப் படித்திருந்தேன். கழுத்து வலி இருந்தது, கண் எரிச்சல் இருந்தது. தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பற்றிய பகுதியை, அளவிட முடியாத ஒன்று என்று அந்தப் பெரிய இதழின் மதிப்பீட்டாளர் எடுக்கச் சொல்லியிருந்தார். அக்கா எடுத்திருந்தார்.